அந்தக் கை என் கை

வீடியோ கேமில் வரும் சண்டைகளுக்கு அசைவு கொடுப்பது என் வேலை. இதை எங்கள் சர்ச்சில் விளக்கிச் சொல்லிப் பார்த்து அலுத்துவிட்டேன். கேட்பவர்கள் என் சேலையையும் கையிலிருக்கும் பைபிளையும் ஒருமுறை பார்த்துவிட்டு, ஓ, கம்ப்யூட்டர் வேலையா என்று முடித்துக்கொள்வார்கள். பள்ளியில் வேதியியல் சொல்லித்தரும் என் கணவரும் இப்போதெல்லாம் அப்படியே சொல்லிவிடுகிறார்.

துப்பாக்கிச் சண்டை என் பொறுப்பில் இல்லை. வாள், கத்தி, கம்பு, வெறுங்கை என்று நெருங்கி நின்று அடித்துக்கொள்ளும் சண்டைதான் என்னுடையது. ஒருவன் வாளை ஓங்கும்போது எந்தக் காலில் எடை இருக்க வேண்டும், அடி வாங்கியவனுக்குத் தலை முதலில் திரும்புமா தோள் முதலில் திரும்புமா, விழுந்தவன் எழும்போது எந்தக் கையை ஊன்றுவான் என்பதையெல்லாம் நாள் முழுக்க யோசிக்க வேண்டும். சேலையூரில் எங்கள் வீட்டு நிலைக்கண்ணாடி முன்னால் தோசைக் கரண்டியும் கையுமாக நான் பலமுறை செத்து விழுந்திருக்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மாயச் சண்டைமேல் எனக்குக் கோபம் கிடையாது. கல்லூரி நாட்களில் தாம்பரத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் நான் விளையாடிப் பழகியதே அந்த வகைதான். ஆளைவிடப் பெரிய சுத்தியலை ஒரு சின்னப் பெண் ஒற்றைக் கையால் சுழற்றுவாள். தரை பிளக்கும், பூதங்கள் பறக்கும். எனக்கு அது அவ்வளவு பிடிக்கும். அந்தச் சுத்தியல் என்னிடம் எதையும் மறைக்கவில்லை. தான் பொய் என்று சொல்லிவிட்டுத்தான் என்னை விளையாடக் கூப்பிட்டது. நிஜம் என்று பெயர் வைத்துக்கொண்டு பொய் சொல்லும் சண்டைதான் எனக்கு ஆகாது.

பல்லாவரம் ரேடியல் ரோட்டில், ஒரு டைல்ஸ் கடைக்கு மேல் மாடியில் இருந்தது நாங்கள் வேலை பார்த்த ஸ்டூடியோ. சின்ன இடம். எங்கள் கேமில் விளையாட இரண்டு விதம், மோடு என்போம். மாய மோடில் வாளில் தீப்பிடிக்கும், ஆட்கள் மரத்துக்கு மரம் தாவுவார்கள். நிஜ மோடில் ஓர் அடி பட்டாலே ஆள் தடுமாறுவான், ரத்தம் போனால் நடை தளரும். விளையாடுகிறவர் எந்த மோடை வேண்டுமானாலும் தேர்ந்தெடுக்கலாம். இரண்டு முக்கிய ஆட்கள். போரிலிருந்து திரும்பிய ஒரு வீரன், கோட்டைவாசலில் நிற்கும் ஒரு காவல்காரி. காவல்காரிக்குத் தலை முதல் கால்வரை அசைவு கொடுத்தது நான். வீரனுக்குப் பெரும்பாலும் இன்னொருவர் செய்தார்.

எங்கள் மேலதிகாரியை எல்லோரும் சார் என்போம். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். யாருக்காவது காய்ச்சல் என்றால் வீட்டுக்கே மாத்திரை அனுப்புவார். ஆனால் ரியலிஸ்டிக் என்ற சொல் அவர் வாயில் வந்துவிட்டால் அன்றைக்கு என் வேலை கெட்டது என்று அர்த்தம்.

வீரனின் வாளைப் பாருங்கள். அவன் உயரத்துக்கு இருக்கும். நிஜத்தில் அப்படி ஓர் இரும்பைச் செய்தால் தூக்கவே இரண்டு பேர் வேண்டும். அதை அவன் முதுகில் மாட்டியிருப்பான். தோளுக்கு மேல் கையை விட்டு சரக்கென்று உருவுவான். மனிதக் கையின் நீளத்துக்கு அது நடக்காது, பாதி வாள் உறையிலேயே நிற்கும். சந்தேகமிருந்தால் முதுகில் ஒட்டடைக் குச்சியைக் கட்டிக்கொண்டு உருவிப் பார்க்கலாம். நான் பார்த்தேன். இதைச் சொன்னபோது சார் சிரித்துவிட்டு, பார்க்க நன்றாக இருக்கிறதே, விடுங்கள் என்றார். எதிரிகள் ஐந்தாறு பேர் சுற்றி நின்று, டோக்கன் வாங்கியவர்கள் போல ஒருவர் முடித்தபின் ஒருவராக வந்து அடி வாங்குவார்கள். அதற்கும் விடுங்கள். கேம் என்றால் கொஞ்சம் அப்படித்தான் என்று நானும் விட்டேன்.

ஆனால் காவல்காரி தன் தடியால் ஒருவனின் முழங்காலில் அடித்து அவனை விழவைத்தபோது மட்டும் சார் நிறுத்தச் சொன்னார்.

"ஒரு பொண்ணு அடிச்சு அவ்ளோ பெரிய ஆள் விழுவானா? நிஜ மோடுல ரியலிஸ்டிக்கா இருக்கணும்ல."

முழங்கால் என்பது ஆணுக்கும் ஒரே பக்கம்தான் மடங்கும் என்று சொன்னேன். சார் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். அடுத்த வாரம் பார்த்தால் காவல்காரியின் அடிக்கு இருந்த பலம் பாதியாகக் குறைக்கப்பட்டிருந்தது. குறைத்தது எங்கள் புரோகிராமர் தம்பி. அஸ்தினாபுரத்தில் வீடு, அவன் அப்பா குரோம்பேட்டையில் ஹார்டுவேர் கடை வைத்திருந்தார். என்னிடம் வந்து, சார் சொன்னதால்தான் செய்தேன் அக்கா என்று தரையைப் பார்த்தபடி சொன்னான். அவனைக் கோபித்து என்ன செய்வது.

இதற்குப் பிறகுதான் ரயிலில் அது நடந்தது.

நான் தாம்பரத்தில் ஏறிப் பல்லாவரத்தில் இறங்குவேன். அன்று காலை பெண்கள் பெட்டியில் வழக்கமான கூட்டம். வண்டி நகரும்போது ஓர் ஆள் ஓடிவந்து எங்கள் பெட்டியில் ஏறிக்கொண்டான். நன்றாக உடுத்தியிருந்தான். அடுத்த ஸ்டேஷனில் இறங்கிவிடுவதாகச் சொன்னான். சானடோரியம் வந்தது, இறங்கவில்லை. வாசல் ஓரத்தில் வெள்ளைக் கோட்டைக் கையில் மடித்துப் போட்டுக்கொண்டு ஒரு நர்சிங் மாணவி நின்றிருந்தாள். அவன் அவள் பக்கம் நகர்ந்தான். அவள் நகர்ந்தாள். அவன் மறுபடியும் நகர்ந்தான். பிறகு அவள் சத்தம் போட்டு அவன் கையைத் தட்டிவிட்டதையும், அவன் அவள் கன்னத்தில் அறைந்ததையும் நாங்கள் எல்லோரும் பார்த்தோம்.

என் கையில் ஸ்டீல் தண்ணீர் பாட்டில் இருந்தது. நான் யோசித்து எதையும் செய்யவில்லை. இத்தனை வருடம் அடிகளுக்கு அசைவு கொடுத்த எனக்கு, ஓங்குவது எப்படி, இடுப்பைத் திருப்புவது எப்படி என்பதெல்லாம் தெரியும். அதில் ஒன்றுகூட அங்கே நடக்கவில்லை. பாட்டில் பாதி கம்பியில் பட்டு, பாதி அவன் காதில் பட்டது. என் மணிக்கட்டு திருகிக்கொண்டது. அவன் என் தலைமுடியைப் பிடித்தான். யாரோ என் முதுகு வழியாக எக்கி அவனைப் பிறாண்டினார்கள், அதில் பாதி என் தோளில் விழுந்தது. யாரும் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. மாம்பலத்துக்குக் கீரை கொண்டுபோகும் ஒரு அம்மா தரையில் உட்கார்ந்தபடியே குரல் கொடுத்தார்.

"இன்னா வேடிக்க பாத்துகினு கீறீங்க, அவன் கால புடிங்கம்மா."

சொல்லிவிட்டு அவரே பிடித்தார். நர்சிங் மாணவியின் வெள்ளைக் கோட்டு அவன் முகத்தில் எப்படி விழுந்தது என்று எனக்கு இன்றும் தெரியாது. அவன் கேமில் வருவதுபோலப் பறந்து விழவில்லை. முதலில் உட்கார்ந்தான். பிறகு பக்கவாட்டில் மெதுவாகச் சாய்ந்தான். பெண்கள் தன்னை அடித்து வீழ்த்திவிட்டார்கள் என்பதை நம்ப முடியாத ஒரு குழப்பம் அவன் முகத்தில் இருந்தது. குரோம்பேட்டை வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அங்கே ரயில்வே போலீஸிடம் அவனை ஒப்படைத்துவிட்டு நாங்கள் நாலைந்து பேர் பிளாட்பாரப் பெஞ்சில் உட்கார்ந்தோம்.

கணவருக்குப் போன் செய்யலாம் என்று எடுத்தேன். விரல் திரையில் நிற்கவில்லை. வலது கை நடுங்கிக்கொண்டே இருந்தது. குளிர் நடுக்கம் மாதிரி இல்லை அது. கட்டைவிரல் மட்டும் உள்ளே மடங்கி மடங்கி விரிந்தது. இடது கையால் அதை அழுத்திப் பிடித்தால் இடது கையும் சேர்ந்து ஆடியது. பக்கத்தில் அந்த மாணவி கோட்டை மடிக்கப் பார்த்து, மடிப்பு நழுவி, மறுபடியும் மடித்துக்கொண்டிருந்தாள். கீரைக்கார அம்மா சத்தமாகச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார், ஆனால் எழுந்தபோது கூடையின் விளிம்பைப் பிடிக்க அவருக்கு வரவில்லை.

"இன்னான்னு தெர்லம்மா, கை நிக்க மாட்டேங்குது. இத்த கொஞ்சம் தூக்கி வையி."

நான் தூக்கி வைக்கப் போய், என் கையும் வழுக்கி, கடைசியில் மூன்று பேர் சேர்ந்து அந்தக் கூடையை அவர் தலையில் ஏற்றினோம். ஜெயித்தவர்கள் நாங்கள். எங்களில் ஒருவர் கைகூட ஒழுங்காக இல்லை.

அப்போது ஆபீஸுக்கு வண்டி பிடிக்க எங்கள் புரோகிராமர் தம்பி அதே பிளாட்பாரத்துக்கு வந்தான். என் கலைந்த தலையைப் பார்த்துப் பயந்துவிட்டான். நடந்ததைச் சொன்னேன். பிறகு என் கையை அவன் முன்னால் நீட்டி, போனில் வீடியோ எடு என்றேன்.

"அக்கா, மொதல்ல தண்ணி குடிங்க."

"குடிக்கிறேன். நின்னுடறதுக்குள்ள எடு."

அவன் எடுத்தான். அந்த வீடியோவில் என் மோதிரமும், நெளிந்துபோன பாட்டில் மூடியும் தெரியும்.

அடுத்த சில வாரங்கள் நான் அதில்தான் கிடந்தேன். நிஜ மோடில் காவல்காரி ஒரு சண்டையை முடிக்கிறாள். தடியோடு அவள் வைத்திருக்கும் குறுவாளை இடுப்பிலிருக்கும் உறையில் செருகப் பார்க்கிறாள். முனை உறையின் வாயில் பட்டு விலகுகிறது. மறுபடியும் பார்க்கிறாள், மறுபடியும் விலகுகிறது. இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் செருகுகிறாள். பிறகு நடக்கத் தொடங்குகிறாள். அவ்வளவுதான். அதைச் செய்து முடித்த அன்று, நான் செய்த வேலையிலேயே நல்ல வேலை இதுதான் என்று எனக்குத் தோன்றியது.

சாருக்குப் போட்டுக் காட்டினேன். அவருக்குப் பிடிக்கவில்லை. விளையாடுகிறவர்கள் கேமில் ஏதோ கோளாறு என்று நினைப்பார்கள் என்றார். நான் ரயிலில் நடந்ததைச் சொன்னேன். உண்மையிலேயே பதறிப்போனார். மணிக்கட்டு இப்போது எப்படி இருக்கிறது என்று விசாரித்து எனக்கு டீ வரவழைத்தார். டீ குடித்து முடித்ததும் சொன்னார்.

"புரியுதும்மா. ஆனா கேரக்டர் ஏற்கனவே லேடி. கை வேற நடுங்கினா பயந்தாங்கொள்ளி மாதிரி தெரியும்."

எடுத்துவிடச் சொல்லிவிட்டார். ஆனால் எடுப்பதற்குள் ஒன்று நடந்தது. எங்கள் கேமை வெளியிட இருந்த வெளிநாட்டுக் கம்பெனிக்கு அந்த வாரம் அனுப்பிய மாதிரியில் அது அப்படியே போய்விட்டது. வேண்டுமென்று யாரும் செய்யவில்லை, நடுக்கத்தை எடுக்காத பழைய கோப்பைத் தவறுதலாக அனுப்பிவிட்டார்கள். அவர்கள் வீடியோ காலில் வந்து, வாளைப் பற்றியோ தீயைப் பற்றியோ பேசாமல், அந்தக் கையைப் பற்றியே பேசினார்கள். இப்படி ஒன்றை எந்தக் கேமிலும் பார்த்ததில்லை என்றார்கள். சார் முகம் மலர்ந்துவிட்டது. நானும் தலைகுனிந்து சிரித்துக்கொண்டேன். அன்று மாலை தாம்பரம் ஸ்டேஷனில் இறங்கி, கணவருக்கும் எனக்குமாக அல்வா வாங்கிக்கொண்டு போனேன்.

இரண்டு வாரம் கழித்துப் புதிய மாதிரியைத் திறந்து பார்த்தேன். நிஜ மோடில் சண்டை முடிந்தது. கை நடுங்கியது. உறையின் வாயில் முனை விலகியது. கட்டைவிரல் உள்ளே மடங்கி விரிந்தது. நடுங்கியது வீரனின் கை.

ஓர் உடலுக்குச் செய்த அசைவை இன்னோர் உடலின்மேல் ஏற்றுவது எங்கள் தொழிலில் சாதாரணம். கம்ப்யூட்டரில் கொஞ்ச நேர வேலை. முதுகில் இருக்கும் அவனுடைய பெரிய வாளுக்கு இந்த அசைவு பொருந்தாது என்பதால், இதற்காகவே இடுப்பில் ஒரு குறுவாளும் கொடுத்திருந்தார்கள். காவல்காரியைத் தேடினேன். நிஜ மோடில் அவளே இல்லை. மாய மோடுக்கு மட்டும் மாற்றிவிட்டிருந்தார்கள். அவளுடைய கனத்த தோல் கவசம் போய், மார்பிலும் இடுப்பிலும் இரண்டு பட்டைகள் இருந்தன. தடி போய், தீச்சாட்டை வந்திருந்தது. ஆளைக் கொன்றபின் தலையைச் சாய்த்துச் சிரித்தாள்.

நான் எழுந்து நேராக மீட்டிங் நடந்துகொண்டிருந்த அறைக்குப் போனேன். கதவைத் தட்டக்கூட இல்லை. உள்ளே ஏழெட்டுப் பேர் இருந்தார்கள், தம்பியும் இருந்தான்.

"சார், அந்தக் கை என் கை."

கம்பெனியில் செய்தது கம்பெனிக்குத்தான் சொந்தம் என்று அவர் பொறுமையாக விளக்கத் தொடங்கினார். அது எனக்குத் தெரியும் என்றேன். நான் கேட்பது சொந்தத்தை அல்ல. ஒரே நடுக்கம்தானே, அவளுக்கு வந்தால் கோளாறு என்றீர்கள், பயந்தாங்கொள்ளி என்றீர்கள், அவனுக்கு வந்தால் மட்டும் எப்படி சரியாகிறது என்று கேட்டேன்.

"ஆம்பளைக்குக் கை நடுங்கினாதான்மா அதுல ஒரு டெப்த் இருக்கு. அவளுக்குத்தான் மாய மோடுல அவ்ளோ பவர் குடுத்திருக்கோமே."

அவர் என்னைச் சமாதானப்படுத்தத்தான் அப்படிச் சொன்னார். அதுதான் இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. பறக்கிற சக்தியெல்லாம் அவளுக்கு, மனிதர்களுக்கு நடக்கிறதெல்லாம் அவனுக்கு. அவள் எவ்வளவு வேண்டுமானாலும் பறக்கலாம், ஆனால் தரையில் நின்று ஒருவனை அடித்து வீழ்த்திவிட்டு, மூச்சு வாங்கி, கை நடுங்க நிற்கக் கூடாது. அது நிஜம் அல்லவாம். குரோம்பேட்டை பிளாட்பாரத்தில் அன்று பெஞ்சில் உட்கார்ந்திருந்த நாங்கள் எல்லோரும் அப்போது எந்த மோடில் இருந்தோம்?

இதை அங்கே இவ்வளவு கோவையாகச் சொன்னேனா என்றால் இல்லை. பாதியில் ஆங்கிலத்துக்குப் போய், மறுபடி தமிழுக்கு வந்து, என்னென்னவோ பேசினேன். தம்பி மட்டும் மெதுவாக, இரண்டு பேருக்கும் வைக்கலாமே சார், புரோகிராம் ஒன்றுதான், வேலை அதிகமில்லை என்றான். அவன் அப்படிப் பேசிக் கேட்டது அதுதான் முதல் முறை. அடுத்த அப்டேட்டில் பார்க்கலாம் என்று சார் சொன்னார். அந்த அப்டேட் வரவே இல்லை.

கேமின் முடிவில் ஓடும் பெயர்ப் பட்டியலில் காவல்காரிக்கான இடத்தில் மட்டும் என் பெயர் வேண்டாம் என்று கேட்டேன். அப்படிப் பிரித்து எடுக்க முடியாது, இருந்தால் மொத்தமாக இருக்கும், எடுத்தால் மொத்தமாக எடுக்க வேண்டும் என்றார்கள். எடுத்துவிடுங்கள் என்று சொல்லி, வேலையையும் விட்டேன். வீட்டில் கணவரிடம் சொன்னேன். கோபம் சரிதான், ஆனால் இத்தனை வருட வேலைக்குச் சாட்சி இல்லாமல் போகிறதே, அடுத்த இடத்தில் எதைக் காட்டுவாய் என்று கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. ஆனால் அந்தக் காவல்காரியின் சிரிப்புக்குப் பக்கத்தில் என் பெயர் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியாது, அவ்வளவுதான் தெரியும்.

கேம் வந்தது. ஓரளவு நன்றாகவே ஓடியது. விமரிசனம் எழுதியவர்கள் பலர் வீரனின் கையைத் தனியாகக் குறிப்பிட்டிருந்தார்கள். போரின் வலி முழுவதும் அந்த நடுக்கத்தில் இருக்கிறது என்கிற மாதிரி ஒருவர் எழுதியிருந்தார். காவல்காரியைப் பற்றி எழுதியவர்கள் அவள் உடையைப் பற்றி எழுதினார்கள். இதையெல்லாம் மார்க்கெட்டில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டே போனில் படித்தேன். கடைக்காரர், காயை அழுத்தாதீங்கம்மா என்று சொன்ன பிறகுதான் எவ்வளவு அழுத்திப் பிடித்திருக்கிறேன் என்று தெரிந்தது.

சில மாதங்களுக்குப் பிறகு துரைப்பாக்கத்தில் ஒரு சின்ன ஸ்டூடியோவில் இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டார்கள். எதிரே உட்கார்ந்திருந்தவர் என்னைவிட இளையவர். அந்தக் கேமில் வேலை பார்த்ததாகச் சொல்கிறீர்கள், பெயரைக் காணோமே என்று நேராகவே கேட்டார். நான் சுருக்கமாகச் சொல்லலாம் என்று ஆரம்பித்து, ரயிலில் நடந்ததிலிருந்து மீட்டிங் அறைக் கதவைத் திறந்துகொண்டு போனது வரை எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வேலை கிடைக்காது என்று சொல்லும்போதே தெரிந்துவிட்டது. ஆதாரமாகக் காட்ட என்னிடம் இருந்தது பிளாட்பாரத்தில் தம்பி எடுத்த அந்த வீடியோ ஒன்றுதான். காட்டினேன். அவர் அதை ஒருமுறை பார்த்தார், முதலிலிருந்து ஓடவிட்டு இன்னொருமுறை பார்த்தார்.

"இது எப்ப நின்னுச்சு?"

இத்தனை பேரிடம் இந்தக் கதையைச் சொல்லியிருக்கிறேன், ஒருவரும் அதைக் கேட்டதில்லை. எனக்கே யோசிக்க வேண்டியிருந்தது. மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபோதுகூட இருந்தது, சாம்பார் சாதத்தைப் பிசைய முடியாமல் ஸ்பூன் கேட்டு வாங்கினேன், சாயங்காலம் எப்போதோ மறந்துவிட்டேன் என்றேன்.

அவர் மேஜைமேல் இருந்த தாளில் எதையோ குறித்துக்கொண்டார். தங்கள் கேமில் சண்டைக்குப் பிறகு கஞ்சி குடிக்கிற மாதிரி ஒரு காட்சி வைக்கலாம், அதுவரை கை அப்படியே இருக்கட்டும், உங்களால் செய்ய முடியுமா என்று கேட்டார். யாருடைய கை என்று கேட்டேன். யார் சண்டை போட்டார்களோ அவர்கள் எல்லோருடைய கையும் என்றார். அதில் கேட்க என்ன இருக்கிறது என்பதுபோல என்னைப் பார்த்தார்.

வேலையில் சேர்ந்துவிட்டேன். பல்லாவரம் ஸ்டூடியோவில் இப்போது இரண்டாம் பாகம் தயாராகிறதாம். விளம்பரப் படத்தில் அந்த வீரன் குனிந்து தன் கையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். கட்டைவிரல் உள்ளே மடங்கியிருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. பழகிவிடும் என்கிறார் கணவர். எனக்குப் பழகுவதாக இல்லை.